ரொமிக்கு ஒரு விளக்கு: வளர்ப்பு நாய் இறந்தபின் வரும் முதல் விளக்கீட்டுக்கான செய்முறை

எங்கள் ரொமி கடந்த ஆடி மாதத்தில், 13 வயதில் இறந்தான். நாயை 'அது' என்று எழுதுவதே முறை எனினும் அவனை அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. அடுத்து வந்த தீபாவளியன்று அயலில் முதல் சீனவெடி வெடித்தவுடன் அம்மா குசினியிலிருந்து எழுந்து, கையில் பழைய துவாயுடன் வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். வெடிச் சத்தம் கேட்டால் அவன் அங்கேதான் ஒளிந்துகொள்வான். காதுகளைச் சுற்றித் துவாயைக் கட்டிவிட்ட பிறகுதான் அவனுடைய நடுக்கம் குறையும். குனிந்தவர் நிமிர்ந்து, துவாயை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் பலகாரம் சுடப் போனார்.

மனிதர் இறந்தால் துடக்கு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத்திவசம் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒழுங்கு உண்டு. அந்த ஆண்டில் பண்டிகை கொண்டாடுவதா, விடுவதா என்பதைக்கூட வழக்கமே தீர்மானித்துவிடுகிறது. நாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே கார்த்திகை விளக்கீட்டில் நாங்களாக ஒன்றைச் செய்தோம். அதை, நான் விட்ட பிழைகளுடன் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். திரி திரிப்பதையும் விளக்கேற்றுவதையும் நான் விளக்கப் போவதில்லை. அவை உங்களுக்குத் தெரியும்.

நாளைத் தெரிவு செய்தல்

தீபாவளி வெடிகளின் நாள். நாய்கள் அஞ்சி நடுங்கும் நாளில் நாயை நினைவுகூர்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. பட்டிப்பொங்கல் மாடுகளுக்கு உரியது. விளக்கீட்டிலோ படலை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், குப்பைமேடு என்று வளவில் புழங்கும் இடமெல்லாம் விளக்கு வைக்கிறோம். அங்கே இன்னொரு விளக்கு கூடினால் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. "நாய்க்கெல்லாம் விளக்கோ?" என்று கேட்கக்கூடிய உறவினர் உள்ளவர்களுக்கு இது சிறிய வசதி அன்று. பஞ்சாங்கத்தில் குமாராலய தீபம், சர்வாலய தீபம் என இரு நாட்கள் இருக்கும். நாங்கள் சர்வாலய தீபத்தன்று ஏற்றினோம். உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதையே பின்பற்றுங்கள்.

இடத்தைச் சீர்செய்தல்

இதை இரண்டு வாரங்களுக்கு முன்னரே தொடங்க வேண்டும். ஆடியில் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும். அப்போது வெட்டி மூடிய குழி, ஐப்பசி மழையில் கட்டாயம் தாழும். விளக்கீட்டுக்கு முதல் நாள் முருங்கையடிக்குப் போய்ப் பார்த்தபோது, ரொமியைப் புதைத்த இடம் கிண்ணம்போல் குழிந்து, அதில் நீர் தேங்கியிருந்தது. இரவோடிரவாக மூன்று கடகம் செம்மண் சுமந்தேன்.

புதைப்பதற்கு இடம் தேடும் நிலையில் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் இருப்பதால், பல வளவுகளில் ஆழமாக வெட்ட இயலாது. மூன்று அடியாவது வெட்ட நினைத்த என் அலவாங்கு இரண்டு அடியிலேயே கல்லில் மோதியது. அந்த நிலையில் கல்லை உடைக்க முயலாமல், மேலே மண்ணை மேடாகக் குவித்து, அதன்மேல் கற்களைப் பரப்புங்கள். இல்லாவிடின் தெருநாய்கள் கிளறும். நம்முடைய கிணற்று நீர் சுண்ணக்கல் வெடிப்புகளின் வழியாக ஓடி வருவதால், கிணற்றிலிருந்து வளவு அனுமதிக்கும் அளவுக்குத் தள்ளியே புதைக்க வேண்டும்.

வாழைக்குற்றி

விளக்கைத் தாங்க நடும் குற்றிக்குக் குலை வெட்டிய வாழையே போதும். இதற்கென்று குலை ஈனாத வாழையை வெட்டுவதை நான் ஏற்கமாட்டேன். படலையில் நடும் குற்றி வழக்கமாக இடுப்பளவு உயரம் இருக்கும். ரொமியின் குற்றியை என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே வெட்டினேன். நான் விறாந்தையில் நிற்கும்போது அவனுடைய தலை என் கையில் வந்து முட்டும் உயரம் அது. மண்ணுக்குள் இறங்கும் பகுதிக்காக ஒன்றரை அடி கூடுதலாக விட்டு வெட்டுங்கள்; நனைந்த செம்மண்ணில் அதற்குக் குறைவாக நட்டால் குற்றி சாயும். மேல் முனையில் சிட்டி (சிறு மண்விளக்கு) அமரும் அளவுக்குக் கத்தியால் குடைந்துகொள்ளுங்கள்.

விளக்கு அணையாமல் காத்தல்

என்னைத் திணறடித்த படி இதுதான். முற்றத்து விளக்குகளுக்கு வீட்டுச் சுவரின் மறைப்பு உண்டு. வீட்டின் பின்கோடியில், முருங்கைக்கு அடியில், அப்படி ஒன்றும் இல்லை. பழைய பிஸ்கட் தகரத்தை வெட்டி விரித்து வளைத்து, குற்றியின் தென்மேற்குப் பக்கத்தில் மறைப்பாக நிறுத்தினேன். ஏற்றினேன், அணைந்தது. மறுபடியும் ஏற்றினேன், மறுபடியும் அணைந்தது. ஆறு முறை இப்படி நடந்த பிறகு அம்மா குடையுடன் வந்து நின்று, "இப்ப அடிக்கிறது வாடை எல்லே, ஏன் சோளகத்துக்கு மறைக்கிறாய்?" என்று கேட்டார். ஆடியில் அவனைப் புதைத்தபோது தென்மேற்கிலிருந்து சோளகம் மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தை நினைத்தாலே காற்று அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று என் உடம்பு பழகிவிட்டிருந்தது. கார்த்திகையில் வீசுவது வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று. தகரத்தை மறுபுறம் திருப்பி வைத்ததும் சுடர் நிமிர்ந்தது.

தகரத்தைவிட அரிக்கன் லாம்பின் கண்ணாடிச் சிமினியே சிறந்தது என்பது என் கருத்து. ஆனால் அதைச் சிட்டியின்மேல் அப்படியே கவிழ்த்தால் கீழிருந்து காற்றுப் புகாமல் சுடர் திணறி அணையும். மூன்று சிறு கற்களை வைத்து, விரற்கடை அளவு இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். 1990களில் மின்சாரமும் மண்ணெண்ணெயும் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடமே இந்தப் பொறுப்பை விட்டுவிடலாம். போத்தலுக்குள்ளேயே சுடரை நிறுத்தி, சொட்டு எண்ணெயில் இரவைக் கடத்தும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது.

திரிக்குக் கடைப் பஞ்சுத்திரி வேண்டாம்; மெல்லியது, காற்றில் நிற்காது. பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டை இறுக்கித் திரித்து, முதல்நாள் இரவே எண்ணெயில் ஊறப் போடுங்கள். பொலியெஸ்டர் கலந்த துணி உருகிப் புகையும். எண்ணெயில் எனக்குப் பிடித்தது நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் குளிர்ந்த இரவுகளில் உறையத் தொடங்கிவிடும்.

பெயரை எழுதுதல்

தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல்லில், இறந்த வீரனுக்கு அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்பதும் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே நாய்க்குக் கல்லில் பெயர் எழுதுவது வெளிநாட்டு நாகரிகம் என்று யாராவது சொன்னால் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. குழி வெட்டும்போது வெளிவந்த சுண்ணக்கல்லில் ஒரு முகம் தட்டையான கல்லை எடுத்து, பழைய உளியால் கீறுங்கள். பெயின்ற் வேண்டாம்; நான் முதலில் பூசிய பெயின்ற் ஒரே மழையில் செதிலாக உரிந்தது.

படம் வைக்க விரும்பினால், வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரதி எடுக்காமல், படம் எடுத்தவரிடம் மூலப்படத்தை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், துலக்கமாக வரும். எங்கே மாட்டுவது என்பது பெரிய கேள்வி. சுவாமி அறையில், அப்பப்பாவின் படத்துக்கு அருகில் நான் மாட்டியதை அம்மா கழற்றிவிட்டார். இப்போது அது குசினி வாசற்படிக்கு அருகில், அவன் படுத்திருந்த உயரத்தில் இருக்கிறது. அம்மா சொன்னதே சரி.

உணவு

அவனுக்குப் பிடித்த புட்டையும் சொதியையும் படைக்கும் எண்ணம் எங்களுக்கும் வந்தது. படைத்ததைத் தெருநாய்கள் தின்னும் என்பதால், அந்த எண்ணத்தைச் சற்று யோசித்துத்தான் நிறைவேற்ற வேண்டும். சொதியில் வெங்காயம் உண்டு. வெங்காயமும் உள்ளியும் (பூண்டும்) நாய்களின் குருதிக்குக் கேடு. தைப்பொங்கலன்று இதைச் செய்ய நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: பொங்கலில் போடுவதற்குப் பிளம்ஸ் என்று கேட்டு வாங்கும் முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. வெறும் சோற்றில் முள் நீக்கி அவித்த மீனைப் பிசைந்து, ஒழுங்கையில் திரியும் நாய்களுக்கு வையுங்கள். வைரவருக்கு வடைமாலை சாத்துவோர் அதையும் செய்யலாம். நாய் அவருடைய வாகனம் அல்லவா.

பிற்சேர்க்கை

இதை வாசித்த ஒருவருடைய வீட்டில் காகம் விடியற்காலையில் எண்ணெய்த் திரியைக் கொத்திக்கொண்டு போய் ஓலை வேலியில் போட்டிருக்கிறது. நல்ல காலமாகத் திரி அணைந்திருந்தது. படுக்கப் போகுமுன் திரியை அணைத்து, சிட்டியை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

மாடிக் குடியிருப்பில் இருப்பவர் ஒருவர், மண்ணே இல்லாதவர் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அவருடைய பூனை இருந்து தெருவைப் பார்க்கும் ஜன்னல் விளிம்பிலேயே சிட்டியை வைக்கச் சொன்னேன். திரைச்சீலையை முன்னரே கழற்றிவிட வேண்டும்.

குற்றியை எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு உயரம் எப்படித் தெரியும் என்றும் ஒரு கேள்வி வந்தது. ஒரு வாரத்தில் குற்றி அழுகத் தொடங்கியதும் பிடுங்கி, துண்டுதுண்டாக வெட்டி முருங்கைக்குப் பசளையாகப் போட்டுவிட்டேன். ஆனால் அதற்கு முன், ரொமியைக் கட்டிய கயிற்றைப் பக்கத்தில் பிடித்து, குற்றியின் உயரத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். அது படலைக்கு அருகில், பழைய ஆணியிலேயே தொங்குகிறது.