ஏறி இறங்கும் ஓட்டத்தில் கொந்தளிப்பை அளப்பது எப்படி? ஏ.டி.வி. செய்முறை

பெங்களூரில் மழை கொட்டினால் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் மளமளவென்று ஏறும். மழை விட்டால் வடியும். அப்படிப்பட்ட ஓட்டத்தை லேப் ஃப்ளூம் என்ற செயற்கை வாய்க்காலில் உண்டாக்கி, அதன் கொந்தளிப்பை, அதாவது வேகத்தின் தாறுமாறான ஆட்டத்தை, ஏ.டி.வி. என்ற ஒலி டாப்ளர் கருவியால் அளக்கும் வழி இது. மென்பொருள் நிறுவுவதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் ப்ரோப், அதாவது தண்ணீரில் முக்கும் உணர்முனை. வெக்ட்ரினோ போன்ற கருவி, முனையிலிருந்து 5 செ.மீ. தள்ளி, சுமார் 6 மி.மீ. விட்டமுள்ள சிறு உருளைக்குள்தான் வேகத்தை அளக்கிறது. கீழ்நோக்கும் ப்ரோப் என்றால் மேலே உள்ள 5 செ.மீ. நீர் கைவிட்டுப் போகும். ஆழம் மாறிக்கொண்டே இருக்கும் ஓட்டத்துக்கு என் ஓட்டு பக்கவாட்டு ப்ரோபுக்கே. நீர் மிகக் குறைவாக இருக்கும்போதும் அதன் கைகள் மூழ்கியிருக்க வேண்டும்.

அடுத்து தண்ணீர். ஒலி, மிதக்கும் துகள்களில் பட்டுத்தான் திரும்புகிறது. இரவெல்லாம் தொட்டியில் தெளிந்த காவிரித் தண்ணீரில் எதிரொலி மங்கிவிடும். 10 மைக்ரான் அளவுள்ள உள்ளீடற்ற கண்ணாடி மணிகள் நல்லவை. கட்டுப்படியாகாவிட்டால் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை வாளியில் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். சிக்னல்-இரைச்சல் விகிதம் 15 டெசிபெலுக்கும், கோரிலேஷன் (அடுத்தடுத்த எதிரொலிகள் ஒத்துப்போகும் அளவு) 70 சதவீதத்துக்கும் மேல் நிற்கட்டும்.

கருவியின் வேக வரம்பை ஓட்டத்தின் உச்ச வேகத்துக்கு ஏற்ப வையுங்கள். குறைத்து வைத்தால், அலை வரும் நேரத்தில் நேர்க்குறி வேகம் திடீரென்று எதிர்க்குறியாகக் குதிக்கும். தேவைக்கு மேல் கூட்டினால் இரைச்சல் கூடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இனிதான்: சராசரி. சீரான ஓட்டத்தில் மொத்தச் சராசரியைக் கழித்தால் மிஞ்சுவது கொந்தளிப்பு. இங்கே சராசரியே ஏறுகிறது. வேகம் 20-லிருந்து 60 செ.மீ./வினாடிக்கு நேர்கோட்டில் ஏறுகிறது என்று வையுங்கள். கொந்தளிப்பே இல்லாவிட்டாலும் திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் சிதறும் அளவு) 40-ஐ √12-ஆல் வகுத்தது, அதாவது 11.5 செ.மீ./வினாடி வந்துவிடும்! ஏற்றத்தையே கொந்தளிப்பென்று எழுதிவைப்போம்.

இதற்கு நான் நம்புவது குழுச் சராசரி. தண்ணீரைத் திறந்துவிடும் கேட்டை அதே அளவு, அதே வேகத்தில் திறந்து சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒவ்வொரு கணத்துக்கும் எல்லா ஓட்டங்களின் சராசரியை எடுங்கள். 25 முறை ஓட்டினால் சராசரியின் பிழை திட்டவிலக்கத்தில் ஐந்தில் ஒரு பங்காகும். எல்லா ஓட்டத்துக்கும் பூஜ்ஜிய நேரம் ஒன்றாக இருப்பது உயிர்நாடி. கேட்டில், அது நகர்ந்ததும் சிக்னல் தரும் ஒரு லிமிட் சுவிட்ச் பொருத்தி, அந்த சிக்னலையும் சேர்த்துப் பதியுங்கள், பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண சுவிட்சே போதும். அலை முன்பின்னாக வந்தால் அந்த நேரப் பிசகும் கொந்தளிப்பாக வேஷம் போடும்.

திரும்ப ஓட்ட வழியில்லாத வாய்க்காலில் நகரும் சராசரிதான் கதி. அதன் கால அளவு பெரிய சுழல்களைவிட நீளமாகவும், வெள்ளம் ஏறும் நேரத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இல்லையென்றால் அந்தத் தரவிலிருந்து கொந்தளிப்பைப் பிரிக்க முயலாதீர்கள்.

தரவில் திடீரென்று எகிறும் பொய் அளவுகளான துள்ளல்களை நீக்க கோரிங்-நிகோரா 2002-இல் தந்த முறை நல்லது. ஆனால் அது பூஜ்ஜியத்தைச் சுற்றி ஆடும் தரவை எதிர்பார்க்கிறது. மெதுவான ஏற்றத்தைக் கழித்துவிட்டு முறையை ஓட்டி, பிறகு ஏற்றத்தைத் திரும்பச் சேருங்கள். திட்டவிலக்கத்துக்குப் பதில் இடைநிலையை (மீடியனை) வைத்துக் கணக்கிடும், வால் (Wahl) என்பவரின் திருத்தமே எனக்குப் பிடித்தது. துள்ளல்களே திட்டவிலக்கத்தை ஊதிவிடுகின்றன.

கடைசியாக நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் வரைபடம். கொந்தளிப்புக்கே உரிய −5/3 சரிவு அதிர்வெண் கூடக்கூடத் தட்டையானால் அது டாப்ளர் இரைச்சல், கருவியே சேர்க்கும் பிழை. கதிர்களின் கோணத்தால் ப்ரோபின் அச்சுக்குக் குறுக்கான திசைகளில்தான் அது அதிகம். அந்தத் தட்டைப் பகுதியின் பங்கை மாறுபாட்டிலிருந்து (திட்டவிலக்கத்தின் வர்க்கம்) கழியுங்கள்.

பின்சேர்க்கை: அலை முகப்பு கடக்கும்போது மட்டும் கோரிலேஷன் சரிகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பெரும்பாலும் காற்றுக்குமிழிகள். அந்த இடைவெளியைக் கோடு போட்டு நிரப்பாமல் காலியாகவே விடுங்கள். அந்தக் கணத்தின் சராசரிக்கு மற்ற ஓட்டங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.