அடுக்குமாடிப் பொதுக்கூட்டம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் அடுக்குமாடி வீடு வாங்கியிருப்போரில் பலர் கோயில் நிர்வாகக் கூட்டத்திலும், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும், தொழிற்சங்கக் கூட்டத்திலும் பழகி வளர்ந்தவர்கள். அதே பழக்கத்தோடு கட்டடத்தைப் பராமரிக்கும் ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையும் நடத்திவிடலாம் என்று எண்ணுவதே பெரும்பாலான தகராறுகளுக்கு வேர். இந்தக் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஊர் வழக்கமன்று. 2015இல் நடைமுறைக்கு வந்த 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி உரிமை) நிர்வாகச் சட்டம், அதாவது சட்டம் 757.

முதல் தவறு அறிவிப்பிலேயே நேர்கிறது. இரண்டு நாளைக்கு முன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டால் அது அறிவிப்பாகாது. குறைந்தது 14 நாள் முன்னறிவிப்பு எல்லா உரிமையாளருக்கும் போய்ச் சேர வேண்டும். சிறப்புத் தீர்மானம் கொண்டுவருவதாயிருந்தால் 21 நாள். நம் பட்டணங்களில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் ஏராளம் என்பதால், வாடகைக்கு இருப்பவர் கையில் கொடுத்த கடிதத்தோடு கடமை முடிந்தது என்று செயலாளர் நினைக்கக் கூடாது.

நிலுவை பற்றிய குழப்பம் அடுத்தது. கூட்டத்துக்கு முந்தைய ஏழாவது நாளன்று பராமரிப்புக் கட்டணத்திலோ பெரிய பழுதுகளுக்காகச் சேர்க்கும் சேம நிதியிலோ பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்குரிமை இல்லை. கூட்டத்தன்று மண்டப வாசலில் பணத்தைக் கட்டி வாக்குச்சீட்டு கேட்பதில் பயனில்லை. அவ்வாறு கட்ட வருபவரைக் கோபித்துக்கொள்வதிலும் நியாயமில்லை, ஏனெனில் கடைசித் தேதியை அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டியது நிர்வாகக் குழுவின் பொறுப்பு என்பது என் உறுதியான கருத்து. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களைப் பலர் முன்னிலையில் பெயர் சொல்லி நிறுத்துவது எந்த நிர்வாகத்துக்கும் அழகல்ல.

மிக அதிகமாகச் சச்சரவைக் கிளப்புவது புரோக்சி, அதாவது உரிமையாளருக்குப் பதிலாக வாக்களிக்க நியமிக்கப்படுபவர். குழுத் தேர்தலில் நிற்கும் வேட்பாளர் ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பத்துக் கையெழுத்து வாங்கி வந்து பத்து வாக்குகளையும் தாமே போட முயல்வது உண்டு. ஒருவர் ஒரு கூட்டத்தில் ஓர் உரிமையாளருக்கு மட்டுமே புரோக்சியாக இருக்க முடியும் என்பதும், அதற்கான படிவம் கூட்டம் தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பே ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதும் விதி. கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் இருவரும் சேர்ந்து ஒரு புரோக்சியை நியமிக்க வேண்டும். தனித்தனியே இருவரும் கை தூக்கினால் அது செல்லாது. அப்பா காலமாகிப் பல ஆண்டுகளாகியும் வீடு அவர் பெயரிலேயே இருக்கும் குடும்பங்களும் உண்டு. பதிவேட்டில் யார் பெயர் உள்ளது என்பதே கூட்டத்தில் பார்க்கப்படும். ஆகவே பெயர் மாற்றத்தை ஆண்டுக்கூட்டம் நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

குறைவெண், அதாவது கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, வாக்களிக்கத் தகுதியுள்ளோரில் பாதி. ஆள் சேரவில்லை என்று உடனே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதில்லை. அரை மணி நேரம் காத்திருந்த பின் வந்திருக்கும் தகுதியுள்ளோரே குறைவெண்ணாகிவிடுவார்கள்.

‘பிற விவகாரங்கள்’ என்ற தலைப்பின்கீழ் திடீரென்று கட்டண உயர்வைக் கொண்டுவந்து நிறைவேற்றுவதும் தவறு. உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவர விரும்பினால் அதைக் குறைந்தது ஏழு நாள் முன்பே செயலாளரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். கை தூக்கும் வாக்கெடுப்பில் ஐயம் உள்ள உரிமையாளர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு அலகுகளின் அடிப்படையில் வாக்கெடுப்புக் கோரலாம். அப்படிக் கோருபவரைக் குழப்பக்காரர் என்று அடக்கும் தலைவர், சட்டம் தந்த உரிமையையே மறுக்கிறார்.

கூட்டக் குறிப்பையும் தணிக்கை செய்த கணக்கையும் பார்க்கக் கேட்பது குழுவின்மீது பழி சுமத்துவதாகாது. கேட்டும் காட்ட மறுத்தால், எழுத்து மூலம் கேட்ட கடிதத்தின் நகலோடு, சுங்கை சிப்புட் வட்டாரத்தார் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். அங்கும் தீராத வழக்குகளில் கோரும் தொகை 2,50,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவற்றை ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயம் விசாரிக்கும்.