'பூச்சி கடிச்சிருச்சு' என்றால் ஏஐக்குப் புரியுமா? நோயாளிகளை ஆய்வில் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொழுது விடியும் முன்பே திருவாரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆச்சு என்று கேட்டால், "ராத்திரி பூச்சி கடிச்சிருச்சுங்க, இப்ப வயித்த வலிக்குதுங்கறாரு" என்கிறார் கூட வந்தவர். அனுபவமுள்ள நர்ஸ் இருந்தால் அடுத்த கேள்வி கேட்காமல், உடனே பார்க்க வேண்டியவர்களுக்கான சிவப்புப் பக்கம் அனுப்பிவிடுவார். ராத்திரியில் பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் இங்கே அதற்குப் பூச்சி என்றுதான் பெயர். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல் பட்ட இடம்கூடச் சரியாகத் தெரியாது, வீக்கமும் இருக்காது. வயிற்று வலியில் ஆரம்பித்து, இமை தொங்கி, கடைசியில் மூச்சில் போய் நிற்கும். வந்தவுடன் பார்த்தால் நாடியும் ரத்த அழுத்தமும் ஒழுங்காகவே இருக்கலாம்.

இதே வாக்கியத்தை ஒரு ஏஐ கருவியில் தட்டினால்? பூச்சிக்கடி, வயிற்று வலி, நாடி சரி. பச்சை, அதாவது காத்திருக்கலாம்.

வந்த வரிசைப்படி இல்லாமல் ஆபத்தின் வரிசைப்படி நோயாளிகளைப் பார்ப்பதற்கு டிரையேஜ் என்று பெயர். தமிழக அரசு மருத்துவமனைகளில் அவசரப் பிரிவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து வைத்திருப்பது இதற்காகத்தான். பழைய நோயாளிகளின் பதிவுகளைக் கற்றுக்கொண்டு, புதிதாக வருபவர் எந்த நிறம் என்று கணிக்கும் மென்பொருள்களை இப்போது உலகமெங்கும் ஆராய்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஒரு மருத்துவமனையில், நோயாளிகளை வைத்து நடக்கும் ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் தெரியாத பொதுநபர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வுத் திட்டங்களில் 'நோயாளிகள் பங்கேற்பு' என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் அப்படி வந்தது. பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து பெறப்படும்.

முதல் தவறு அந்த வரிதான். கையெழுத்து என்பது அனுமதி, பங்கேற்பு அல்ல. எந்தெந்த வார்த்தையைக் கருவி தெரிந்துகொள்ள வேண்டும், எதை ஆபத்து என்று எண்ண வேண்டும் என்று முடிவாகும் நாளிலேயே நோயாளிகள் அறையில் இருக்க வேண்டும். எல்லாம் செய்து முடித்துவிட்டுக் காட்டினால் அவர்கள் 'நல்லாருக்குங்க' என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்கள்? நெஞ்சுவலியை 'வாய்வு பிடிச்சிருக்கு' என்று சொல்கிற ஊர் இது. 'மருந்தடிச்சுட்டு வந்தாரு, கிறுகிறுன்னு வருதாம்' என்றால் அந்த மருந்து வயலுக்கு அடித்த பூச்சிக்கொல்லி. மொழிபெயர்ப்பு மென்பொருள் அதை மாத்திரை சாப்பிட்டவர் என்று புரிந்துகொண்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இப்படிப்பட்ட சொற்களைக் காசு செலவில்லாமல் கொடுக்கக்கூடியவர்கள் நோயாளிகளும் அவர்களைத் தூக்கி வந்தவர்களும்தான்.

தூக்கி வந்தவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவு வாசலில் பேசுவது பெரும்பாலும் நோயாளி இல்லை. மச்சானோ, பக்கத்து வீட்டுக்காரரோ, ஆட்டோ ஓட்டி வந்தவரோ. அவர்களை விட்டுவிட்டு நோயாளியை மட்டும் கூப்பிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

அந்த வாசலிலேயே படிவத்தை நீட்டுவது அடுத்த தவறு. மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவரிடம் ஒன்பது பக்கம் கொடுத்தால் அவர் எதிலும் கையெழுத்துப் போடுவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகள் அவசரநிலைகளில் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஒப்புதலைப் பிறகு பெறுவதற்கும் வழி வைத்திருக்கின்றன. கருத்துக் கேட்பதாக இருந்தால் வீடு திரும்பி, மறுபரிசோதனைக்கு ஓ.பி. சீட்டோடு வரும் நாளில் கேட்கலாம். தமிழிலும் கவனம் வேண்டும். நான் பார்த்த ஒரு படிவத்தில், ஆபத்தின் அளவுப்படி பிரிப்பதற்கு 'இடர் அடுக்காக்கம்' என்று இருந்தது. முப்பது வருடம் தமிழ்ப்பாடம் நடத்திய எனக்கே அதைப் படித்ததும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கத் தோன்றியது.

சரி, யாரைக் கூப்பிடுவது? வழக்கமாக வருபவர்கள் ஓய்வுபெற்ற அதிகாரிகள், என்னைப் போன்ற ஆசிரியர்கள். எங்களுக்கு நேரம் இருக்கிறது, பேசவும் வரும். ஆனால் பாம்பு கடிப்பது எங்களையா? நடவுப் பெண்கள், வேதாரண்யம் கரையோர மீனவர்கள், இப்போது நம் வயல்களுக்கு நடவுக்கு வரும் வடமாநிலத் தொழிலாளர்கள், இவர்களில் ஒருவரும் இல்லாத கூட்டத்தை நோயாளிகள் கூட்டம் என்று சொல்ல முடியாது. தேதியையும் ஊரைப் பார்த்து வைக்க வேண்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு நடக்கிற நேரத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு, 'மக்களிடம் ஆர்வம் இல்லை' என்று அறிக்கை எழுதுவதை என்ன சொல்ல! அன்றைய கூலியையும் பஸ் காசையும் ஆய்வுச் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும். டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது.

எல்லாவற்றையும்விடப் பெரியது, கருவியின் தவறுகளை நோயாளிகளிடம் மறைப்பது. 'பயந்துடுவாங்க' என்பார்கள். மறைக்கிற அந்த இடத்தில்தான் அவர்களுடைய கருத்து உண்மையில் தேவைப்படுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு 100 பேர் வருகிறார்கள், அதில் 5 பேருக்கு உயிராபத்து. கருவியை இறுக்கி வைத்தால் 10 பேருக்குச் சிவப்பு காட்டும், ஆனால் அந்த ஐவரில் மூவர்தான் அதில் இருப்பார்கள். தளர்த்தினால் ஐவரும் சிக்குவார்கள், ஆனால் சிவப்பு 30 பேருக்கு, இருப்பதோ நாலு கட்டில். எங்கே நிறுத்துவது என்பதற்குப் புள்ளியியல் மட்டும் பதில் சொல்லாது. ஒரு கூட்டத்தில் இந்தக் கணக்கைச் சொன்னபோது மீனவப் பெண் ஒருவர், "பச்சைன்னு உக்கார வெச்சா அப்படியே மறந்துடாதீங்க, அரை மணிக்கு ஒருக்கா யாராச்சும் வந்து பாத்தா போதும்" என்றார். கருவியை எங்கே நிறுத்துவது என்று ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள், பச்சையில் இருப்பவரைத் திரும்பப் பார்ப்பதைத் திட்டத்தில் எழுதியிருக்கவே இல்லை.

தவறுகள் கற்பனையும் அல்ல. கிருமித்தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் உயிராபத்தான நிலைக்கு செப்சிஸ் என்று பெயர். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட செப்சிஸ் எச்சரிக்கைக் கருவி ஒன்றை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள்; செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை எடுத்துக்கொண்டால், கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை அது தவறவிடுவது வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் வந்த ஆய்வு சொன்னது. அந்த எண்ணைத்தான் ஏஐயும் வாங்கிக் கணக்குப் போடுகிறது. வெயிலில் நின்று கறுத்த நம் ஆட்களிடம் மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

நோயாளிகள் பக்கமும் தவறு இருக்கிறது. ஆய்வுக்கு மாட்டேன் என்றால் வைத்தியம் கிடைக்காது என்று நினைத்துத் தலையாட்டுவது ஒன்று. அப்படி எந்த விதியும் இல்லை, நடுவில் விலகவும் செய்யலாம். டாக்டர் மனம் நோகக் கூடாது என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுவது இன்னொன்று. அதற்குப் பதில், கருவி பச்சை என்று சொல்லி நர்ஸ் சிவப்பு என்று சொன்னால் யார் பேச்சு எடுபடும் என்று கேளுங்கள். ஐசிஎம்ஆர் 2023-இல் வெளியிட்ட ஏஐ நெறிமுறைகள் மனிதரின் மேற்பார்வையை வலியுறுத்துகின்றன. அந்த மனிதர் யார் என்று திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று, சின்னதுதான். ஆய்வு முடிந்ததும் வந்தவர்களிடம் முடிவைச் சொல்வதே இல்லை. தமிழில் ஒரு பக்கம் போதும்: நீங்கள் சொன்னதில் இதைச் சேர்த்தோம், இதைச் சேர்க்கவில்லை, காரணம் இது. போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அந்த மீனவப் பெண்ணைப் பார்த்தேன். "அரை மணிக்கு ஒருக்கா பாக்குறாங்களா சார்?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.