படிக்கட்டை வளைகோடாக்குவோம்: பெர்ன்ஸ்டைன் முறையில் பரவல் சார்பு

பரவல் சார்பு என்பது, ஓர் இடம் வரை எத்தனை பங்கு தரவு வரும் என்று சொல்லும் சார்பு. தரவை நேரடியாக எண்ணினால் அது படிக்கட்டாக வரும்; பெர்ன்ஸ்டைன் முறை அதை ஒரு பல்லுறுப்புக்கோவையாக, மென்மையான வளைகோடாக மாற்றும். கையில் ஐந்து தரவுகள்: 0.1, 0.3, 0.4, 0.6, 0.9. உங்கள் தரவு வேறு வரம்பில் இருந்தால் முதலில் அதை 0 முதல் 1 வரையிலான இடைவெளிக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

1. படிக்கட்டு. ஒவ்வோர் இடத்திலும் "இதுவரை எத்தனை பங்கு தரவு வந்துவிட்டது?" என்று எண்ணுங்கள். 0, 0.25, 0.5, 0.75, 1 ஆகிய இடங்களில் விடை முறையே 0, 0.2, 0.6, 0.8, 1.

2. எடை. பல்லுறுப்புக்கோவையின் படி (மிகப்பெரிய அடுக்கு) 4 என்று வைப்போம்; அதனால்தான் இடைவெளியை நான்காகப் பிரிக்கும் ஐந்து இடங்களை எடுத்தோம். 0.5-இல் மதிப்பு வேண்டுமா? நாணயத்தை நான்கு முறை சுண்டினால் வரும் ஈருறுப்பு எடைகள்தான்: 1, 4, 6, 4, 1, ஒவ்வொன்றும் பதினாறில் பங்கு.

3. கூட்டல். படிக்கட்டின் ஐந்து மதிப்புகளையும் அந்தந்த எடையால் பெருக்கிக் கூட்டுங்கள்: (0 + 0.8 + 3.6 + 3.2 + 1) ÷ 16 = 0.5375. படிக்கட்டு 0.6 என்று சொன்ன இடம் இது. வேறு இடத்தில் மதிப்பு வேண்டுமென்றால் நாணயத்தின் சாய்வை (தலை விழும் வாய்ப்பை) மாற்றினால் போதும். இரு முனைகளிலும் வளைகோடு சரியாக 0, 1 என்றே நிற்கும். கெர்னல் முறையில் (ஒவ்வொரு தரவின் மேலும் ஒரு சிறு மேட்டை வைத்துக் கூட்டும் இன்னொரு மென்மையாக்கும் முறை) முனைகளில் வரும் தலைவலி இங்கே இல்லை.

4. படியை எவ்வளவு வைப்பது? விஷயமே இங்கேதான். தரவின் எண்ணிக்கை முடிவிலியை நோக்கிப் போகும்போது, மென்மையாக்கியதால் வரும் பிழை படிக்குத் தலைகீழ் விகிதத்தில் குறையும். தரவு தற்செயலாக அமைவதால் மதிப்பீட்டில் வரும் ஆட்டமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறையும். ஆகவே படி வர்க்கமூலத்தைவிட வேகமாக வளர்ந்தால் அந்தப் பிழை கண்ணில் படாது. மதிப்பீடு உண்மையான சார்பைச் சுற்றி இயல்நிலைப் பரவலாக அமையும். அதே வேகத்தில் வளர்ந்தால் பரவலின் மையம் சற்று நகர்ந்துவிடும்.

ஒரு சின்ன ஏமாற்றம்: அந்த இயல்நிலைப் பரவலின் அகலம், படிக்கட்டுக்கு உள்ளதேதான்! லாபம் அடுத்த நிலையில் ஒளிந்திருக்கிறது. மென்மையாக்குவதால் விலக்க வர்க்கச் சராசரியில் (அந்த அகலத்தின் வர்க்கத்தில்) கொஞ்சம் கழிகிறது. படி கூடக்கூட அந்தக் கழிவு சுருங்கும், பிழையும் சுருங்கும். இரண்டையும் சமன் செய்தால், எண்ணிக்கையின் 2/3 அடுக்குக்கு விகிதமாகப் படியை வைப்பது நல்லது என்று வரும். ஆயிரம் தரவுக்கு ஏறத்தாழ 100. துல்லியமான பெருக்கல் மாறிலி, உண்மையான அடர்த்தியை (எந்த இடத்தில் தரவு எவ்வளவு நெருக்கமாக விழும் என்பதை) பொறுத்தது. அது நமக்குத் தெரியாதே! அதனால் 50, 100, 200 என்று போட்டு வரைந்து பாருங்கள்.

இந்த வளைகோட்டை வகையிட்டு அடர்த்திச் சார்பு எடுக்கப்போகிறீர்கள் என்றால் 100 அதிகம். அங்கே அடுக்கு 2/5. ஆயிரத்துக்குச் சுமார் 16 போதும்.