எஸ்பிரெசோ மெஷினும் எங்க ஊர் உப்புத் தண்ணியும்

தருமபுரிப் பக்கம் எஸ்பிரெசோ மெஷின் வாங்குகிறவர்கள் காபிக்கொட்டையைப் பற்றித்தான் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். மெஷினைக் கெடுப்பதோ பெரும்பாலும் தண்ணீர். போர்வெல் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான் மெஷினின் சூடேற்றும் பகுதியிலும் குழாய்களிலும் பிடிக்கிறது. அதனால் முதல் வேலை: தொட்டியில் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அது போதும், இல்லாவிட்டால் கேன் தண்ணீர். நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் அதிகம், அது கொதிக்க வைத்தாலும் போகாது. ஆக, குடிக்கிறவருக்கும் இதுதான் நல்லது.

தினசரி வேலை இரண்டே நிமிடம். காபி இறங்கியதும் போர்ட்டாஃபில்டரை (காபித்தூள் போட்டு மாட்டும் கைப்பிடி வைத்த வடிகட்டி) கழற்றிச் சக்கையைத் தட்டிவிட்டு, வெறும் தண்ணீரைச் சில விநாடி ஓடவிடுங்கள். பால் நுரைத்த கையோடு ஸ்டீம் குழாயை ஈரத்துணியால் துடைத்து, ஒருமுறை ஆவியைத் திறந்து மூடுங்கள். குழாய் ஆறும்போது பாலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது காய்ந்துவிட்டால் அப்புறம் ஊசி வைத்துக் குத்த வேண்டியதுதான். கை பத்திரம், குழாய் கொதிக்கும்.

வாரம் ஒருமுறை, மெஷின் ஆறியபின், போர்ட்டாஃபில்டர் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தையும் சல்லடையையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு வரும். கசப்பு வாடைக்கு அதுதான் காரணம். ஓட்டையில்லாத ஃபில்டர் போட்டு, தண்ணீரை வந்த வழியே திருப்பித் தள்ளிக் கழுவும் பேக்ஃப்ளஷை எல்லா மெஷினும் தாங்காது. கையேட்டில் சொல்லியிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது, உள்ளே வெள்ளையாகப் பிடித்த உப்பை எடுப்பது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யலாம். தண்ணீர் மெதுவாக இறங்கினாலோ பம்ப் வழக்கத்தைவிட அதிகமாக முனகினாலோ உடனே செய்யுங்கள். மெஷின் கம்பெனியின் உப்பு நீக்கும் திரவம் இருந்தால் அதுவே உத்தமம், பாய்லர் (தண்ணீர் சூடாகும் கலன்) அலுமினியம் என்றால் கண்டிப்பாக அதுதான். மற்றவர்கள் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட்டை நன்றாகக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுங்கள். பாதியைக் காபி வரும் வழியாகவும், கொஞ்சத்தை ஸ்டீம் குழாய் வழியாகவும் விடுங்கள். மெஷினை அணைத்து இருபது நிமிடம் ஊறவிட்டு, மீதியையும் ஓட்டிவிடுங்கள். வினிகர் வேண்டாம், வாடை லேசில் போகாது.

கடைசியாக, இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை ஓட்டுங்கள். இறங்கும் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். புளித்தால் இன்னொரு தொட்டி.