ஊருக்குப் போகும்போது கையில் இருக்கும் போன்

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்திலேயே சிம் விற்கும் கடைகள் இருக்கின்றன. கடவுச்சீட்டைக் காட்டினால் கொஞ்ச நேரத்தில் இலங்கை இலக்கம் கிடைத்துவிடும். இரவோடு இரவாக வான் பிடித்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் அங்கேயே வாங்கிவிடுங்கள். நடுச்சாமத்தில் ஏ9 வீதியில் வான் பழுதாகி நின்றால், வீட்டில் காத்திருப்பவர்களுக்குச் சொல்ல ஒரு வழி வேண்டும். எந்தச் சிம் வாங்குவது, டயலொக்கா, மொபிட்டெலா, ஹட்ச்சா என்பதைப் போகிற ஊர்க்காரரிடம் முதலே கேளுங்கள். நகரத்தில் எதிலும் சிக்னல் எடுக்கும். தீவுப்பக்கமோ வன்னியின் உள்ளூர்களோ என்றால் அங்கே இருப்பவருக்குத்தான் தெரியும்.

போன் வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்குமா என்பதையும் புறப்படுமுன் பாருங்கள். கனடாவில் 2017 டிசெம்பருக்குப் பிறகும், பிரித்தானியாவில் 2021 டிசெம்பருக்குப் பிறகும் புதிதாக விற்கும் போன்கள் பூட்டில்லாமல் வரவேண்டும் என்பது விதி. அதற்கு முந்தியது என்றால் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

ஆனால் பழைய சிம்மைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். யாழ் நகரத்தில் பணம் எடுக்கும்போது வங்கி அட்டை நின்றுவிட்டது. அதைத் திறக்க வேண்டிய குறியீடு லண்டன் இலக்கத்துக்குப் போனது. அந்தச் சிம்மோ பயணப்பெட்டியின் ஏதோ ஒரு மூலையில். ஒரு கிழமை மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் செலவு செய்தேன். இரண்டு சிம் போடக்கூடிய போன் என்றால் இரண்டையும் உள்ளே விடுங்கள். வெளிநாட்டு இலக்கத்தில் டேட்டாவை மட்டும் நிறுத்தி, குறுஞ்செய்தி வர விடுங்கள். புதுச் சிம் போட்டதும் இலக்கத்தை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குறுஞ்செய்தியில் வரும் குறியீடுகளை யார் போன் எடுத்துக் கேட்டாலும் சொல்லாதீர்கள், வங்கியிலிருந்து பேசுகிறோம் என்றாலும்கூட.

பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போடக்கூடாது. மின்சாரம் 230 வோல்ட். புது வீடுகளில் பிரித்தானியாவில் உள்ளதுபோல மூன்று சதுர முனைச் செருகி, பழைய வீடுகளில் வட்ட முனை. அவசரத்துக்கு இரண்டு இலக்கம் பதிந்து வையுங்கள்: பொலிஸ் 119, இலவச நோயாளர் காவு வண்டி 1990.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, படம் எடுப்பது.

முகாம், சோதனைச் சாவடி, கடற்படை நிற்கும் இறங்குதுறை ஆகியவற்றைப் படம் எடுக்காதீர்கள். பேருந்து ஜன்னலால்கூட வேண்டாம். ட்ரோன் பறக்கவிடுவதற்கு அனுமதி எடுக்கவேண்டும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி இருக்கிறதென்று மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டால், நல்ல படம் என்று பாதையை விட்டு ஓரடிகூட இறங்கக்கூடாது. இவையெல்லாம் பெரும்பாலும் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தவை.

தெரிந்தும் யோசிக்காமல் விடுவது போனுக்குள் ஏற்கெனவே இருப்பதைப் பற்றி. விடுதலைப் புலிகள் இயக்கம் இலங்கையில் தடை செய்யப்பட்டது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ், முகநூலில் போட்ட படங்களுக்காகவே ஆட்கள் கைதாகியிருக்கிறார்கள். 2024இல் இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. வெளிநாட்டில் கார்த்திகை மாதத்தில் மாவீரர் நாளுக்குப் பகிர்ந்த படமும் ஏதோ ஒரு வட்ஸ்அப் குழுவில் வந்து தானாகச் சேமித்த வீடியோவும் உங்கள் போனோடுதான் வந்து இறங்குகின்றன. ஆகவே வட்ஸ்அப்பில் தானாகத் தரவிறங்குவதைப் பயணத்துக்கு முன்னரே நிறுத்துங்கள். உங்கள் நிலைப்பாட்டை மாற்றச் சொல்லவில்லை. போனில் எதைக் கொண்டுபோகிறீர்கள் என்று தெரிந்து கொண்டுபோங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதைவிட எனக்குக் கவலை தருவது மற்றவர்களின் முகம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரத்தில் இருந்து போராடத் தொடங்கினார்கள். அவர்களைப் போய்ப் பார்ப்பதும் பக்கத்தில் இருந்து பேசுவதும் நல்ல காரியம். ஆனால் படம் எடுக்குமுன் கேளுங்கள். எங்கே போடப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சில அம்மாக்கள் "எடு பிள்ளை, உலகம் பாக்கட்டும்" என்பார்கள். சிலர் சேலைத்தலைப்பால் முகத்தை மறைப்பார்கள். இரண்டுக்கும் மதிப்புக் கொடுங்கள். நீங்கள் மூன்று கிழமையில் விமானம் ஏறிவிடுவீர்கள். படலையில் விசாரிக்க வருபவர்களுக்குப் பதில் சொல்லப்போவது அந்த அம்மாதான். சொந்தக்காரர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் பேசும் அரசியலைப் பதிவு செய்து குழுவில் போடுவதும் இதே கணக்குத்தான்.

உதவி கொடுக்கும் இடத்திலும் அப்படியே. புத்தகப்பை வாங்கும் பிள்ளையைக் கமராவுக்கு முன் நிறுத்தாதீர்கள். காசு சேர்த்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பைகளைப் படம் எடுங்கள், பற்றுச்சீட்டைப் படம் எடுங்கள். அந்தப் பிள்ளை நாளை அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவேண்டும்.

செத்தவீட்டில் போனே எடுக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாரிஸில் விசா இல்லாமல் இருக்கும் மகன் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பது அந்தச் சின்னத் திரையில்தான். அதை எப்படித் தடுக்க முடியும்? ஆனால் ஐந்து பேர் ஐந்து நாட்டுக்கு வீடியோ பிடித்துக்கொண்டு பிரேதத்தைச் சுற்றி நின்றால், பக்கத்தில் இருந்து அழவேண்டிய பெரியம்மாவுக்கு இடமில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டு ஒருவர் மட்டும் பிடிக்கட்டும், மற்ற நாட்டுக்காரரை அதே அழைப்பில் சேர்க்கட்டும். இதை நான் நேரே பார்த்திருக்கிறேன். ஒரு தம்பி சுவரோரமாக நின்று சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தான். கிரியை முடியும் வரைக்கும் அவன் அசையவே இல்லை.

நல்லூர்க் கோயிலுக்குள் படம் எடுக்கக்கூடாது. ஆண்கள் மேற்சட்டையும் கழற்ற வேண்டும் என்பதால் போனுக்குச் சட்டைப்பை இருக்காது. ஒன்றில் வீட்டில் விடுங்கள், அல்லது வேட்டிக்கு மேலே கட்டும் பைப்பட்டிக்குள் முழுதாக அணைத்து வையுங்கள். இருபத்தைந்து நாள் திருவிழாவில், அதுவும் தேரன்று, சனத்துக்குள் போனைத் தூக்கிப் பிடித்தபடி நடந்தால் கையிலிருப்பதும் போகும், முன்னால் நிற்கும் பிள்ளையையும் மிதிப்பீர்கள்.

வீட்டுக்குள் ஒரு சின்ன விஷயம். கோடையில் ரொறன்ரோவில் பகல் பன்னிரண்டு என்றால் ஊரில் இரவு ஒன்பதரை. வேலைத்தள அழைப்பு அப்போதுதான் வரும். பல வீடுகளில் அந்நேரம் எல்லோரும் படுத்துவிடுவார்கள். விறாந்தையில் ஸ்பீக்கரில் பேசாதீர்கள், முற்றத்துக்குப் போய் மெதுவாகப் பேசுங்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது வரைபடத்தைக் கையில் பிடிக்காதீர்கள். ஒழுங்கைக்குள் நிறுத்தி யாரிடமாவது கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விடுவார்கள். 2014இல் யாழ்தேவி ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்த பிறகு, காவலாளி இல்லாத கடவைகளில் ரயில் மோதி உயிர்கள் போயிருக்கின்றன. தண்டவாளத்துக்குக் கிட்ட வந்தால் காதில் இருப்பதைக் கழற்றிவிடுங்கள்.

திரும்பும்போது பழைய போனைச் சித்திக்கோ மருமகனுக்கோ கொடுப்பது எங்கள் வழக்கம். கொடுக்குமுன் உங்கள் கணக்கிலிருந்து முழுதாக வெளியேறி, போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அவர்கள் அதை நகரத்துக் கடைகளுக்கெல்லாம் கொண்டு அலைவார்கள். சித்திக்கு எழுத்தைப் பெரிதாக்கி, உங்கள் இலக்கத்தை முதல் இடத்தில் பதிந்து, பக்கத்தில் இருந்து இரண்டு மூன்று தரம் அழைக்கப் பழக்கிவிட்டு வாருங்கள். இலங்கைச் சிம்மை எந்தக் கணக்கோடாவது இணைத்திருந்தால் நீக்கிவிடுங்கள். நெடுநாள் ரீலோட் போடாவிட்டால் அந்த இலக்கம் வேறு யாருக்கும் போகலாம்.