பவளத் தொட்டிக்கு எதை ஊற்றுவது, எவ்வளவு ஊற்றுவது: முதலில் உப்பைப் பாருங்கள்

என் தொட்டியில் இரண்டு வருடம் நன்றாக வளர்ந்த ஓர் அக்ரோபோரா என்ற கடினப் பவளத்தின் நுனிகள் ஒரே வாரத்தில் வெளுத்தன, அப்புறம் சதை உரிந்து வெறும் எலும்புக்கூடு நின்றது. அதற்கு நோய் எதுவும் இல்லை, விளக்கும் பழைய விளக்குதான். நான் ஊற்றிய மருந்துகள்தான் அதைக் கொன்றன. அன்றைக்கு என் அலமாரியில் ஏழு பாட்டில்கள் இருந்தன, இப்போது நான்கு டப்பாப் பொடிகள் மட்டுமே இருக்கின்றன. நடுவில் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதே இடத்தில் ஒரு பவளத்தை இழக்காமல் இருக்க, வரிசையாக எழுதுகிறேன்.

தொட்டி வைத்து, சைக்கிள் (கழிவை உடைக்கும் பாக்டீரியா நிலைபெறும் காலம்) முடித்து, சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். மூன்று அடித் தொட்டி, கீழே சம்ப் (வடிகட்டித் தொட்டி), பாறையும் மணலும் போக உண்மையான தண்ணீர் சுமார் 200 லிட்டர். கணக்கெல்லாம் இந்த 200 லிட்டருக்குத்தான், உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடியின் நீள அகலத்தைப் பெருக்கி வரும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், பாறை பிடிக்கும் இடம் நாம் நினைப்பதைவிட அதிகம்.

தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வேண்டாம். இங்கே குழாய்நீரில் குளோரமைன் இருக்கிறது, அது திறந்து வைத்தால் பறந்து போகிற குளோரின் போன்றதில்லை. கார்பன், ஆர்ஓ (சவ்வு வழி வடிகட்டல்), டிஐ (மீதி உப்பை எடுக்கும் பிசின்) மூன்றும் சேர்ந்த வடிகட்டி வாங்குங்கள். டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பை அளப்பது) 0 காட்டினாலும் அது குளோரமைனைப் பற்றி எதுவும் சொல்லாது, அதனால் கார்பனைக் காலாகாலத்தில் மாற்றிவிடுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

உப்பளவு: நான் சறுக்கிய இடம்

கடல்நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 35. என்னிடம் இருந்தது சாதாரணக் கை ரிஃப்ராக்டோமீட்டர், ஒளி விலகலை வைத்து உப்பளவு காட்டும் கருவி. ஆர்ஓ தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, கோடு பூஜ்ஜியத்தில் நிற்கும்படி திருகைத் திருப்பினால் கருவி சரியாகிவிட்டது என்று நம்பினேன். பெட்டியோடு வந்த தாளும் அதைத்தான் சொன்னது. பூஜ்ஜியத்தில் சரியாக இருக்கும் கருவி 35-இலும் சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பவளம் போன பிறகு, 35 அளவுள்ள சரிபார்ப்புக் கரைசல் ஒரு சின்ன பாட்டில் வாங்கி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு 39-இல் நின்றது. அப்படியானால் இத்தனை நாளும் நான் 35 என்று படித்தது உண்மையில் 31 சொச்சம்.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். உப்பு பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அதோடு கால்சியம், மக்னீசியம், காரத்தன்மை (பைகார்பனேட்டின் அளவு) எல்லாமே அதே விகிதத்தில் குறையும். எனக்குக் கால்சியம் 370 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), மக்னீசியம் 1140, காரத்தன்மை 7 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) என்று வந்தது. கடல்நீரில் கால்சியம் 410-ஐ ஒட்டியும் மக்னீசியம் 1280-ஐ ஒட்டியும் இருக்கும். மூன்றும் குறைகிறதே என்று மூன்றுக்கும் பாட்டில் வாங்கி ஊற்றினேன். காரத்தன்மையை ஒரே மாலையில் 7-இலிருந்து 9-க்கு ஏற்றினேன், அந்த வாரம்தான் நுனிகள் வெளுத்தன. குறைந்திருந்தது உப்பு ஒன்றுதான்.

அதனால் வேறு எந்த டெஸ்ட் கிட்டையும் திறப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். சரிபார்ப்புக் கரைசல் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் சோடியம் குளோரைடு உப்பை 963.5 கிராம் ஆர்ஓ நீரில் கரையுங்கள். ரிஃப்ராக்டோமீட்டருக்கு இது 35 அளவுள்ள கடல்நீர் போலவே தெரியும். மின்கடத்தல் மீட்டருக்கு இந்தக் கரைசல் பொருந்தாது. கொஞ்சம் போதுமே என்று பத்தில் ஒரு பங்கு செய்யாதீர்கள், தராசின் சின்னப் பிழையும் அங்கே பெரிதாகிவிடும். கருவியை இந்தக் கரைசலில் 35-க்குத் திருகி வைத்த பிறகு பூஜ்ஜியம் தள்ளிப் போனால் போகட்டும், நமக்கு வேண்டியது 35 மட்டும்தான். தொட்டியில் உப்பு குறைவு என்று தெரிந்தால் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகச் சில நாள் உப்புநீரை விட்டு, நாளுக்கு ஒன்றுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரத்தன்மையை மட்டும் விடாமல் கவனியுங்கள்

பவளம் எலும்பு கட்டும்போது கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சேர்த்தே எடுக்கிறது. 1 டிகேஎச் காரத்தன்மை குறைந்தால் கால்சியம் ஏறத்தாழ 7 பிபிஎம் குறையும். 410-இல் 7 என்பது கிட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும், ஆனால் 8-இல் 1 குறைந்தால் பளிச்சென்று தெரியும். அதனால் வாரத்தில் பல நாள் காரத்தன்மையைப் பாருங்கள், கால்சியமும் மக்னீசியமும் மாதம் ஒருமுறை போதும்.

சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சாலிஃபெர்ட் கிட் நல்ல கிட்தான், ஆனால் நிறம் மாறியதா இல்லையா என்று ராத்திரி விளக்கில் முழிக்க எனக்குப் பொறுமை இல்லை, எண்ணாகவே காட்டும் ஹன்னா செக்கர் கருவிக்கு மாறிவிட்டேன். 10 மில்லி தொட்டி நீர், பூஜ்ஜியம் அமுக்குவது, 1 மில்லி திரவம், அவ்வளவுதான். அதிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். குப்பியில் விரல் ரேகை படிந்தால் எண் மாறும், பனியன் துணியால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். திரவம் விட்டபின் குலுக்கினால் சின்னக் குமிழிகள் கண்ணாடியில் ஒட்டி நிற்கும், குலுக்காமல் ஐந்தாறு முறை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுங்கள். என் குப்பியில் ஒரு பக்கம் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு என்னைப் பார்க்கும்படி வைப்பேன்.

இப்போது பவளம் நாளுக்கு எவ்வளவு காரத்தன்மையைச் செலவழிக்கிறது என்ற கணக்கு. மூன்று நாள் எதையும் ஊற்றாதீர்கள், தண்ணீரும் மாற்றாதீர்கள். ஞாயிறு இரவு 9 மணிக்கு 8.6, புதன் இரவு 9 மணிக்கு 7.4 என்றால், மூன்று நாளில் 1.2, நாளுக்கு 0.4 டிகேஎச். ஒரே நேரத்தில் அளப்பது முக்கியம், பகலில் விளக்கு எரியும்போது பவளம் வேகமாக எடுக்கும். தினசரி எவ்வளவு ஊற்றுவது என்பதை இந்த 0.4 தான் முடிவு செய்கிறது, பாட்டிலின் முதுகில் உள்ள அட்டவணை முடிவு செய்வதில்லை. பவளம் வளர வளர இந்த எண்ணும் ஏறும், மாதம் ஒருமுறை மறுபடி கணக்கிடுங்கள்.

எந்த எண்ணில் நிறுத்துவது என்று கேட்டால், 7-க்கும் 9-க்கும் நடுவில் எதுவானாலும் சரி, அங்கேயே அசையாமல் நிற்கட்டும். நான் 8-இல் வைத்திருக்கிறேன்.

எதைச் சேர்ப்பது

மலிவான வழி பொடிகள். 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் சோடியம் பைகார்பனேட் வேண்டும். நம் சமையலறை ஆப்பசோடாதான் அது, பேக்கிங் பவுடர் அல்ல, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். 200 லிட்டர், நாளுக்கு 0.4 என்றால் 2.4 கிராம். அதற்கு ஈடாகக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் நாளுக்கு சுமார் 2.1 கிராம். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் ஆர்ஓ நீரில் கரைத்து, தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில், குறைந்தது அரை மணி நேர இடைவெளியில் விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக விட்டால் தண்ணீர் பால் போலக் கலங்கும், இரண்டும் சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகி வீணாகும். என் மூன்றாவது டப்பா மக்னீசியம் குளோரைடு, மாதத்துக்கு ஒருமுறை தொட்டால் அதிகம். ஆனால் மக்னீசியம் மிகவும் இறங்கிவிட்டால் காரத்தன்மையை எவ்வளவு ஏற்றினாலும் நிற்காது, ஹீட்டரிலும் பம்பிலும் வெள்ளைப் படிவாக ஒட்டிவிடும்.

இரண்டாவது வழி சுண்ணாம்புத் தெளிவு. ஆர்ஓ நீரில் கால்சியம் ஹைட்ராக்சைடு போட்டுத் தெளியவிட்டு, ஆவியாகும் தண்ணீருக்கு ஈடாக விடுவது. கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்தில் ஒன்றாக வரும், பிஎச்சும் ஏறும். லிட்டருக்கு 1.5 கிராம்தான் கரையும், என் 0.4-க்கு நாளெல்லாம் சேர்த்து 1 கிராம் போதும். மேலே படியும் மெல்லிய ஏடு, பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கரைத்து வைத்த கிண்ணத்தில் பார்த்த அதே ஏடுதான். ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடாதீர்கள், அதில் வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. கரைசலின் பிஎச் 12-க்கு மேல், கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தானியங்கி மேல்நிரப்பி சிக்கிக்கொண்டு மொத்தத்தையும் ஊற்றிவிட்டால் தொட்டியே போய்விடும், அதனால் டப்பாவில் ஒருநாள் அளவுக்கு மேல் வைக்க மாட்டேன்.

சுண்ணாம்பு என்றதும் ஊர் நினைவு வருகிறது. மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கத் தீவுகளைச் சுற்றி, பவளப்பாறைகளை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்காக எரித்த காலம் உண்டு. அந்தப் பவளம் கட்டிய எலும்பை எரித்து விற்றார்கள், நான் இங்கே அதே சுண்ணாம்பைக் கரைத்து ஒரு கைப்பிடிப் பவளம் எலும்பு கட்டுவதற்குக் கொடுக்கிறேன். தினமும் அந்தப் பொடியை அளக்கும்போது இது மனதில் ஓடும்.

மூன்றாவது, ட்ராபிக் மரீனின் ஆல்-ஃபார்-ரீஃப் போன்ற ஒரே பாட்டில். விலை கூடுதல், ஆனால் ஒரே குழாய், ஒரே பம்ப். சின்னத் தொட்டிக்கு அதையே சொல்வேன்.

அயோடின், ஸ்ட்ரான்ஷியம், அமினோ அமிலம், நிறம் கூட்டும் துளிகள் எதுவும் தொடக்கத்தில் வேண்டாம். உங்களால் அளக்க முடியாததை ஊற்றாதீர்கள். வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் நல்ல உப்பிலேயே அவை வந்துவிடும். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்ஜியமாக்கவும் துடிக்க வேண்டாம், இரண்டும் பூஜ்ஜியமான தொட்டியில்தான் டைனோ என்கிற பழுப்புச் சளி பிடிக்கும். நைட்ரேட் 5-ஐ ஒட்டியும் பாஸ்பேட் 0.05-ஐ ஒட்டியும் இருக்கட்டும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர் ஆல்-ஃபார்-ரீஃப் விட்டு ஒரு மணி நேரத்தில் காரத்தன்மையை அளந்து, ஏறவில்லையே என்று இரட்டிப்பாக விட்டுவிட்டார். அதில் இருப்பது கால்சியம் ஃபார்மேட், பாக்டீரியா அதைத் தின்ற பிறகுதான் காரத்தன்மை வரும். உடனே அளக்காதீர்கள், சில நாள் விட்டு அதே இரவு 9 மணிக்குப் பாருங்கள்.

பிஎச் 7.8-ஐத் தாண்டவில்லை, பஃபர் (பிஎச் ஏற்றும் பொடி) போடலாமா என்று மூன்று பேர் கேட்டார்கள். வேண்டாம். ஏசி போட்டு அடைத்த அறையில் நம் மூச்சுக்காற்றின் கரியமில வாயுதான் தண்ணீரில் கரைகிறது. பஃபர் போட்டால் பிஎச் சிறிது நேரம் ஏறி இறங்கிவிடும், காரத்தன்மை மட்டும் ஏறி நிற்கும். ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அளந்து பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: இந்தியாவில் கடினப் பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடைக்காரர் எடுத்துக் காட்டினாலும் வாங்காதீர்கள். மீன் மட்டும் உள்ள கடல்நீர்த் தொட்டிக்கும் மேலே சொன்ன தண்ணீரும் உப்பளவும் அப்படியே பொருந்தும், தினசரிப் பொடிகள் பெரும்பாலும் தேவைப்படாது.